"தெரியாது" என்ற பதிலிலிருந்து எண் எப்படிக் கிடைக்கிறது?

புதிர் இதுதான்: அடுத்தடுத்த இரண்டு மிகை முழு எண்களில் ஒன்று கயலுக்கு, மற்றது மாறனுக்கு. அவரவர் எண் அவரவருக்கு மட்டும் தெரியும். கயல், "உன் எண் எனக்குத் தெரியாது" என்கிறாள். மாறன், "உன் எண் எனக்கும் தெரியாது" என்கிறான். உடனே கயல், "இப்போது தெரிந்துவிட்டது!" என்கிறாள். யாரும் எதையும் சொல்லாதபோது இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லியிருக்கிறார்கள். "தெரியாது" என்பதே தகவல்தான். கயலிடம் 1 இருந்திருந்தால், மாறனிடம் 2 என்று அப்போதே சொல்லியிருப்பாள். ஆக, அவளிடம் 1 இல்லை. அதை மாறனும் கேட்டான் என்பதுதான் இங்கே முக்கியம். அவனிடம் 1 இருந்தால் கயலின் எண் 2, சந்தேகமே இல்லை. அவனிடம் 2 இருந்தால் கயலிடம் 1 அல்லது 3. 1 ஏற்கெனவே கழிந்துவிட்டது, அதனால் 3. அவனும் தெரியாது என்றதால் 1, 2 இரண்டுமே அவனிடம் இல்லை.

சரி, இப்போது கயல். அவளிடம் 2 என்றால் மாறனிடம் 3. அவளிடம் 3 என்றால் அவனிடம் 4. அதற்கு மேல் போனால் இரண்டு வாய்ப்புகள் மிஞ்சும், அவளால் சொல்ல முடியாது. எனவே விடை (2, 3) அல்லது (3, 4). எது என்று நம்மால் பிரிக்க முடியாது. தன் எண் கையில் இருப்பதால் அவளால் முடியும்.

இந்த வகைப் புதிர்களில் நான் எப்போதும் சிறிய எண்ணிலிருந்தே கழித்துக்கொண்டு வருவேன். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை மட்டும் ஒருவருக்கு, பெருக்குத்தொகை மட்டும் மற்றவருக்குத் தெரியும் என்று கணிதவியலாளர் ஹான்ஸ் பிராய்டென்தால் 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற புதிரிலும் வாய்ப்புகளைக் கழிப்பதுதான் வேலை. அங்கே கடைசியில் மிஞ்சுவது 4, 13.