1930 நேஷனல் லீக் பேஸ்பால்: கேள்வி பதில்

கே: லீக் முழுவதுக்கும் பேட்டிங் சராசரி 0.303 என்று பார்த்தேன். அச்சுப்பிழையா?

ப: பிழையில்லை. அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்று இது. எட்டு அணிகள், அணிக்கு 154 ஆட்டங்கள், எல்லாரையும் சேர்த்தே 0.303. கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே ஹிட்டை (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டியது) அட்-பேட்டால் (கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு) வகுக்க வேண்டும், ரன் கணக்கில் வராது. நியூயார்க் ஜயன்ட்ஸின் பில் டெர்ரிக்கு 633 அட்-பேட், 254 ஹிட்: 0.401.

கே: அந்த வருடம் மட்டும் சராசரி ஏன் அவ்வளவு அதிகம்?

ப: முதல் சந்தேகம் பந்தின் மேல்தான். 1931க்குத் தோலைத் தடிமனாக்கி, தையலையும் மேடாக்கினார்கள். தையல் மேடாக இருந்தால் பிட்சரின் (பந்து வீசுபவரின்) விரலுக்குப் பிடி கிடைக்கும், பந்து நன்றாக வளையும். சராசரி 0.277க்கு இறங்கியது. ஆனால் பழியை முழுக்கப் பந்தின் மேல் போடவும் முடியாது. 1930 வரை, அடித்த பந்து கேட்ச் ஆனாலும், ஏற்கெனவே பேஸில் நிற்கும் ரன்னர் ஒரு பேஸ் முன்னேறிவிட்டால் அது அட்-பேட்டில் சேராது. வகுக்கும் எண் குறைந்தால் சராசரி ஏறத்தானே செய்யும்? அந்த விதியையும் 1931இல் எடுத்துவிட்டார்கள்.

கே: 0.315 அடித்த பிலடெல்பியா பிலீஸ் கடைசி இடமா?

ப: ஆமாம், 52 வெற்றி, 102 தோல்வி. அடித்ததைவிட அதிகம் கொடுத்தார்கள்: ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 6.71 ரன், அதுவும் ஃபீல்டிங் பிழையால் போனதைக் கழித்த பிறகு. சொந்த மைதானமான பேக்கர் பவுலில் வலதுபக்கச் சுவர் 280 அடி, அதாவது சுமார் 85 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. பந்தை வலதுபக்கம் இழுத்து அடிக்கும் இடதுகை ஆட்டக்காரர்கள் சக் கிளைன் (0.386), லெஃப்டி ஓடூல் (0.383) இருவருக்கும் அது கொண்டாட்டம். வந்த அணிகளுக்கும் அதே சுவர்தானே! சுவரில் பட்டுத் திரும்பும் பந்தைக் கிட்டத்திலேயே எடுத்து எறிந்ததால், வலதுபக்கம் ஃபீல்டிங் செய்த கிளைன் அந்த சீசனில் 44 முறை ரன்னர்களை அவுட்டாக்க உதவினார்.

கே: நல்ல பிட்சர் யாருமே இல்லையா?

ப: புரூக்ளினின் டாசி வான்ஸ். ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் என்ற அதே கணக்கில் அவருக்கு 2.61, அடுத்த இடத்தில் கார்ல் ஹப்பெல், 3.87. லீக் சராசரியோ 4.97. என்னைக் கேட்டால் சீசனின் பெரிய சாதனை இதுதான், சிகாகோ கப்ஸின் ஹாக் வில்சன் அடித்த 56 ஹோம் ரன்கூட இல்லை.

கே: வில்சனின் ஆர்பிஐ (அவர் பேட்டிங்கால் அணிக்கு வந்த ரன்) 190ஆ, 191ஆ?

ப: 191. ஜூலை 28 அன்று நடந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதில் அவருடைய ஒன்றைச் சக ஆட்டக்காரர் சார்லி கிரிம் கணக்கில் எழுதியிருந்தார்கள், 1999இல் திருத்தினார்கள். பழைய புத்தகங்களில் 190தான் இருக்கும்.

கே: சாம்பியன்?

ப: செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், 92–62. வழக்கமாக ஆடிய எட்டுப் பேரும் 0.300க்கு மேல். ஆனால் இரு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில், மற்ற லீக்கின் பிலடெல்பியா அத்லெடிக்ஸிடம் 4–2 என்று தோற்றார்கள். அந்த நான்கு வெற்றியும் குரோவ், ஏர்ன்ஷா என்ற இரு பிட்சர்களுக்கே, ஆளுக்கு இரண்டு.