ஆற்றின் மேற்பகுதியில் வாழும் பழைய வீரர்கள்: கேள்வி பதில்

பட்டாளத்தை விட்டு வந்த நாள்முதல் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் முன்னாள் வீரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, அப்பா 12 ஆண்டு இராணுவத்தில் இருந்தார். பென்ஷன் இல்லை. கெடா தோட்டமொன்றில் தனியாக இருக்கிறார். கேட்க ஏதும் உண்டா?

உண்டு. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டு சேவை வேண்டும். அதற்கு முன்பே வெளியேறினாலும் அவர் முன்னாள் வீரர்தான். தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் படைவீரர் விவகாரத் துறையில், அதாவது ஜே.எச்.இ.வி.யில், முதலில் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாமல் எந்த உதவி மனுவும் நகராது.

வெள்ளத்தில் சேவைப் புத்தகம் போய்விட்டதே?

சேவை எண்ணை அவரிடமே கேளுங்கள். ஒரு பெரியவரின் பிஸ்கட் டின்னைத் திறந்தபோது கரையான் மண்தான் கொட்டியது. பேரன் பெயரையே மறந்திருந்தவர், எண்ணைக் கேட்டதும் முதுகை நிமிர்த்தி, மலாய் மொழியில் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பித்தார். அந்த எண்ணை வைத்துத்தான் மனுவைத் தொடங்கினோம்.

நான் பினாங்குக்காரி, சரவாக்கின் கபிட் பக்கம் ஆசிரியை. இங்கே பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீண்ட வீட்டில், இராணுவத்தின் ரேஞ்சர் படைப்பிரிவில் இருந்த தாத்தா ஒருவர் இருக்கிறார். அலுவலகம் போய்வர அவரால் முடியவில்லை.

அம்மா, என் மனத்தை அறுக்கும் கேள்வி இதுதான். காட்டில் தடம் பார்த்து, மற்றவர்களுக்கு முன்னே நடந்தவர்கள் சரவாக்கின் பூர்வகுடிகளான இபான் வீரர்கள். இன்று கபிட்டுக்கு மேலே பெலாகா போகும் விரைவுப் படகு, ஆற்றில் தண்ணீர் வற்றினால் நின்றுவிடும். முழங்கால் தேய்ந்த மனிதரை ஒரு கையொப்பத்துக்காக ஆற்றில் இறக்குவது நியாயமா? சரவாக்கில் 1973 முதல் சுகாதார அமைச்சின் பறக்கும் மருத்துவர் குழு ஹெலிகாப்டரில் உட்பகுதிக் கிராமங்களுக்குப் போகிறது. அதில் ஓர் இருக்கையை ஜே.எச்.இ.வி. அதிகாரிக்கு ஒதுக்கினால், மருந்து வாங்க வரும் இடத்திலேயே பதிவும் முடியும். அரசு முதலில் செய்ய வேண்டியது இதுதான். அதுவரை நீங்கள் அவருடைய அடையாள அட்டையான மைகார்டையும் சேவை ஆவணங்களையும் படமெடுத்து, துவாய் ரூமா எனப்படும் நீண்ட வீட்டுத் தலைவரின் துணையோடு மனு அனுப்புங்கள்.

கேமரன் மலையில் இருக்கும், பூர்வகுடியினரின் செனோய் பிராக் படையில் இருந்தவருக்கும் இதே துறையா?

இல்லை. அது காவல்துறைப் பிரிவு. காவல்துறை வழியாகவே கேட்க வேண்டும்.

ஓய்வூதியம் பெற்ற கணவர் காலமாகிவிட்டார். எனக்கு ஏதும் வருமா?

வரும், அக்கா. விதவைக்குரிய ஓய்வூதியம் உண்டு. இறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டு, பதிவு செய்யாமல் இருந்திருந்தால் இப்போதே சொல்லுங்கள். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.