பூக்காத சரக்கொன்றை

அன்புள்ள ஐயா,

விழுப்புரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரக்கொன்றை வளர்க்கிறேன். காட்டுப் பக்கம் பொறுக்கி வந்த காயிலிருந்து விதை எடுத்துப் போட்டது. 6 வருடமாகிறது, மாடி உயரம் வந்துவிட்டது, ஒரு பூ கிடையாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் முழுக்க அதற்குத்தான். மாதம் ஒரு கூடை தொழு உரமும் வைக்கிறேன். போதாததற்குப் பச்சைப் புழு வேறு இலையை மொட்டையடிக்கிறது. இது சரக்கொன்றைதானா? வெட்டிவிடலாமா?

மாலதி

அன்புள்ள மாலதி,

முதலில் இலையைப் பாருங்கள். புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக இருந்தால் அது இயல்வாகை. சாலையோரத்தில் மஞ்சள் பூவை மேல்நோக்கித் தூக்கி நிற்குமே, அது. சரக்கொன்றைக்குச் சிற்றிலை ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளமாவது இருக்கும். நீங்கள் பொறுக்கியது முழ நீளத்தில் கறுத்த குழல் மாதிரியான காயா? உடைத்தால் உள்ளே காசு அடுக்கினாற்போலத் தடுப்புகள், கையில் ஒட்டும் கறுப்புச் சதை, தடுப்புக்கு ஒரு விதை? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். (அந்த விதையை முளைக்க வைத்ததே பெரிய காரியம். நான் சிமென்ட் தரையில் தேய்த்துத் தோலை உரசி, ராத்திரி முழுக்க ஊறவைத்த பிறகுதான் முளை விட்டது.)

புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள். கொஞ்ச நாளில் அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துவிடும், மரம் திரும்பத் தழைத்துக்கொள்ளும்.

எனக்கு உறுத்துவது அந்தப் பாத்திரத் தண்ணீர்தான். இது வறண்ட காட்டு மரம். கோடையில் காய்ந்து, இலையைக் கொட்டிவிட்டுப் பூப்பதுதான் அதன் வழக்கம். தினம் ஈரம், மாதம் ஒரு கூடை எரு என்றால் அது ஏன் இலையைக் கொட்டப் போகிறது? நானும் இப்படித்தான் 7 வருடம் ஊற்றிக்கொண்டிருந்தேன். எட்டாவது வருடம் மாசியில் மோட்டார் பழுதாகி, சரிசெய்ய ஒரு மாதம் ஆகிவிட்டது. பங்குனியில் மரம் குச்சி குச்சியாக நின்றது. பட்டுப்போச்சு என்றே நினைத்தேன். சித்திரையில் ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டே அண்ணாந்தால், முதுகெலும்பு மாதிரி இருந்த ஒரு கிளையிலிருந்து இரண்டு சரம், ஒரு சாண் நீளம்.

விதையில் வந்த மரத்துக்கு 6 வருடம் ஒன்றும் அதிகமில்லை. வெட்ட வேண்டாம். வெயில் நன்றாகப் படுகிறதா என்று மட்டும் பாருங்கள், எருவை நிறுத்துங்கள். அப்புறம், தை முடிந்ததும் பாத்திரத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். வாழை இல்லையென்றால் ஒரு கன்று வாங்கி வையுங்கள், அந்தத் தண்ணீர் எங்காவது போக வேண்டுமே.