நிறம் அப்புறம், நூல் முதலில்

கேள்வி: நுவரெலியாப் பக்க ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கப் பழகுகிறேன். தூண்டிலில் சிவப்பு ஈ (முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டினால்தான் மீன் எடுக்கும் என்கிறார் ஒரு நண்பர். பச்சைதான் என்கிறார் இன்னொருவர். எல்லா நிறத்திலும் வாங்கி வைத்துக்கொள்ளவா?
- வாசகர், இராகலை

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு மங்கிய பழுப்பு நிற ஈயை மட்டும் மூன்று அளவுகளில் வாங்குங்கள். 12, 14, 16 போதும். எண் கூடக் கூட முள் சிறிதாகும்.

மிதக்கும் ஈயை மீன் கீழேயிருந்துதான் பார்க்கிறது. ஒளி தண்ணீருக்குள் வளைந்து இறங்குவதால், வெளியுலகம் முழுவதும் அதன் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் சுமார் இரண்டேகால் அடி அகலம். வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஓடையின் அடியைத்தான் காட்டும். அங்கே மிதக்கும் ஈயில் மீனுக்குத் தெரிவது நீரை அழுத்தும் கால்களின் தடம் மட்டுமே. வட்டத்துக்குள் வந்தாலும் பின்னால் பிரகாசமான வானம் இருப்பதால் ஈ பெரும்பாலும் கருநிழலாகத்தான் தெரியும். அளவும் உருவமும் பொருந்தினால் மீன் மேலே வரும்.

ட்ரவுட்டுக்கு நிறம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே தெரியும். ஓட்டம் குறைந்த தெளிந்த மடுவில், மூழ்கி வரும் ஈயை நிதானமாகப் பார்க்க அதற்கு நேரம் கிடைக்கும். அங்கே உள்ளூர்ப் பூச்சியின் நிறத்துக்குக் கிட்ட இருப்பது நல்லது. கரையோரக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளே பதில் சொல்லும். மழைக்குப் பிறகு தேயிலைச் சரிவுகளின் மண் இறங்கி ஆறு கலங்கிவிட்டால் கறுப்பு ஈ. பொழுது சாயும்போதும் கறுப்புதான். அங்கே மீன் தேடுவது வெளிச்சத்தில் எடுபடும் கருமையை.

உங்கள் நண்பர்கள் இருவருமே நூலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பெரும்பாலான மீன் கைநழுவிப் போவது அங்கேதான். ஓட்டம் ஈயைக் கொண்டுபோகும் வேகம் ஒன்று, நூல் அதை இழுக்கும் வேகம் வேறு என்றானால், எந்த நிறமும் உங்களைக் காப்பாற்றாது. உண்மையான பூச்சி தண்ணீர் போகும் போக்கிலேயே போகும். குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு ஓடாது. ஈ விழுந்ததும் நூலை ஓட்டம் வரும் பக்கமாகத் தூக்கிப் போட்டுத் தளர விடுங்கள். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும் மீன் என்பதால் ஓட்டம் போகும் பக்கத்திலிருந்து, அதன் முதுகுப்புறமாகக் குனிந்து நெருங்குங்கள். உங்கள் நிழல் மடுவில் விழுந்தால் அன்றைக்கு அந்த மடுவை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஓடையில் மீன் தெரிகிறதே என்று அனுமதியில்லாமல் தூண்டிலை எடுக்க வேண்டாம். மற்ற ஓடைகளிலும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று முதலில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.