தொட்டி வாங்கும்போது முதலில் மூடியைப் பாருங்கள்

கேள்வி: அன்பின் அக்காவுக்கு, வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். எங்கள் லாப்ரடோருக்கு மூன்று வயது, முப்பது கிலோ எடை. மார்ச் பிறந்ததிலிருந்து குளியலறைத் தரையை விட்டு அவன் எழும்புவதேயில்லை. பல்கனியில் வைக்க ஒரு தொட்டி வாங்கலாம் என்று பார்த்தால் காற்றடிப்பது, மடிப்பது, கெட்டிப் பிளாஸ்டிக் என்று மூன்று வகை இருக்கின்றன. எதை வாங்குவது? கடலுக்குக் கூட்டிப்போனால் போதாதா என்று கேட்கிறார் என் கணவர்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கச்சிக்கு, உங்கள் பிள்ளை குளியலறையில் கிடப்பது சோம்பலால் அல்ல. நாய்க்குப் பாதங்களின் அடியில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இளைத்து இளைத்து, நாக்கின் ஈரத்தைக் காற்றில் போக்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த வழி பாதிதான் பலிக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். வயிறும் தொடை இடுக்கும் முடி குறைந்த இடங்கள். அவை குளிர்ந்த நீரில் படிந்தால் உடற்சூடு விரைவாக இறங்கும். ஆகவே தொட்டி வாங்குவது நல்ல யோசனைதான்.

காற்றடிக்கும் தொட்டியை விட்டுவிடுங்கள். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன், புறக்கோட்டையில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில். லாப்ரடோர் தண்ணீரைக் கண்டால் முன்னங்கால்களால் தோண்டும். எங்கள் பிரவுணியும் அப்படித்தான். பத்து நிமிடத்தில் ஒரு நகம் இறங்கிவிட்டது. போன காசைவிட எனக்குப் பயம் தந்தது வேறு: கிழிந்த ஓரத்தை அவள் மென்று விழுங்கப் பார்த்தாள். பிளாஸ்டிக் துண்டு குடலில் சிக்கினால் சத்திர சிகிச்சை வரைக்கும் போய்விடும்.

கெட்டிப் பிளாஸ்டிக் உறுதியானது. வளவு உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் தொடர்மாடியில் அதை எங்கே நிமிர்த்தி வைப்பது? வெயிலில் கிடந்து வெடித்தால் அந்த விளிம்பு வயிற்றைக் கீறும்.

உங்களுக்கு ஏற்றது பக்கச்சுவரில் பலகை வைத்துத் தைத்த மடிப்புத் தொட்டி. அதற்குக் காற்றே தேவையில்லை. கடையில் உட்புறத் தரையைக் கையால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் வேண்டாம். சொரசொரப்பு இருக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அவனை அளந்து, அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். திரும்பிப் படுக்க அவ்வளவு இடம் போதும். பெரும்பாலான லாப்ரடோர்களுக்கு 120 சென்ரிமீற்றர் விட்டம் பொருந்தும். 160 சென்ரிமீற்றர் தொட்டியைக் கடைக்காரர் சிபாரிசு செய்தாலும் மயங்காதீர்கள். 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் 120க்கு ஏறக்குறைய 170 லீற்றர் பிடிக்கும், 160க்கு 300 லீற்றர் வேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். பழைய கட்டடம் என்றால் பல்கனி எவ்வளவு பாரம் தாங்கும் என்று முகாமைக் குழுவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். பத்து சென்ரிமீற்றர் தண்ணீரே போதும். அவன் நீந்த வேண்டியதில்லை, படுத்தால் வயிறு நனைய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது தலைப்பில் சொன்ன மூடிக்கு வருகிறேன். தொட்டியின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியும் துளையும், அதைத் திருகி மூடும் மூடியும் இருக்க வேண்டும். மூடி தொலையாமல் நாடாவில் கோத்திருந்தால் இன்னும் நல்லது. நிறத்தையும் அளவையும் பார்த்து வாங்குபவர்கள் இதைப் பார்ப்பதில்லை. துளை இல்லாத தொட்டியில் 100 லீற்றரைத் தினமும் வாளியால் அள்ளி ஊற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்? மூன்றாம் நாள் தண்ணீர் அப்படியே நிற்கும். டெங்கு நுளம்புக்கு வேண்டியது அதுதான். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில். அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது, மாதக் கணக்கில் காத்திருந்து அடுத்த முறை நனையும்போது பொரிக்கும். ஆகவே வடித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாலையும் சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகே மடியுங்கள். நுளம்பு பெருக இடங்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. என் கவலை தண்டப்பணம் அல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரக்கூடாது. வடியும் தண்ணீர் பூச்சாடிகளுக்கு நல்லது. கிருமிநாசினி எதையும் கலக்காதீர்கள், அவன் அதைக் குடிப்பான்.

தொட்டி நிழலில் இருக்கட்டும். வெயிலில் நின்ற தண்ணீர் சுடும். ஸ்டாண்ட் மின்விசிறியையும் அதன் வயரையும் நீர் தெறிக்காத தூரத்தில் வையுங்கள். அவன் தண்ணீரில் இருக்கும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள்: கடல் நல்லதுதான், ஆனால் விடியற்காலையில். பிற்பகல் மணல் பாதத்தைச் சுடும், உப்புநீர் குடித்தால் வயிறு போகும், கரைக்குப் போக ரயில் பாதையையும் கடக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, மின்விசிறி இல்லாத வீட்டில் பிரவுணி தள்ளாடி விழுந்தாள். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகியது. துணி தோய்க்கும் பேசினில் அவளைக் கிடத்திக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன், மகன் பாயோலையால் விசிறினான். அப்படியே மிருக வைத்தியரிடம் தூக்கிப் போனோம், பிழைத்தாள். நாயின் இயல்பான உடற்சூடு 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அந்த அறிகுறிகளைக் கண்டால் தொட்டியில் விட்டுக் காத்திருக்காதீர்கள். நனையுங்கள், விசிறுங்கள், உடனே புறப்படுங்கள். ஈரத் துவாயால் மூடி வைக்க வேண்டாம், சூடு உள்ளேயே அடைபடும்.

தொட்டி வந்ததும் அவனைத் தூக்கி உள்ளே போடாதீர்கள். முதல் நாள் வெறுந்தொட்டியை ஹோலில் விரித்து, உள்ளே ஒரு பிஸ்கட் போடுங்கள். தானாக ஏறி இறங்கட்டும். இரண்டாம் நாள் பாதம் நனையும் அளவுக்குத் தண்ணீர் விடலாம்.