வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன் கீமோ அட்டையைப் பாருங்கள்

புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்து அன்றாட வாழ்வு குறித்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்குப் புற்றுநோய் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாட்களுக்கு ஒரு முறை கீமோ ஏற்றிக்கொள்கிறேன். தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. “இந்த உடம்போடு நீ சபையில் உட்காரக் கூடாது, மருந்து வாடை பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது” என்கிறார்கள் உறவினர்கள். மகளோ, “அம்மா இல்லாமல் வளையல் போட்டுக்கொள்ள மாட்டேன்” என்கிறாள். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. நோயுற்றவரை அமங்கலம் என்று ஒதுக்கி வைக்கும் வழக்கத்துக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பெற்ற தாயைச் சபையிலிருந்து விலக்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஆனால் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்கு முன் உங்கள் கீமோ அட்டையைப் பாருங்கள். மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் குமட்டலிலும் அசதியிலும் கழியும். ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் என்பதால், கூட்டத்தில் ஒருவருக்கு இருக்கும் சாதாரணச் சளிகூட உங்களைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். மூன்றாவது வாரத்தில் அணுக்கள் மீண்டும் ஏறும். நாக்கும் பசியும் ஓரளவு திரும்பும். அடுத்த கீமோவுக்கு முந்தைய அந்த வாரத்தில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து, உங்கள் மருத்துவரிடமும் சொல்லி, முடிந்தால் முந்தைய நாள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு விழாவை வைத்துக்கொள்ளுங்கள். விழாவுக்காகக் கீமோவை நீங்களாகவே தள்ளிப்போட வேண்டாம்.

‘மருந்து வாடை’ பற்றிய அச்சத்தில் உண்மை ஒன்று உண்டு. மருந்து ஏற்றிய பிறகு ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு அது சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். அந்த இரண்டு நாட்களில் உங்கள் கழிப்பறையைக் கழுவுவதையும், வாந்தி பட்ட துணியைத் துவைப்பதையும் மகள் செய்யக் கூடாது. வேறு யாராவது கையுறை அணிந்து செய்யட்டும். மற்றபடி மகளைக் கட்டிக்கொள்வதாலும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலும் வயிற்றிலுள்ள குழந்தைக்கு எந்தத் தீங்கும் வராது. கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட் (PET) ஸ்கேன் நாளில் மட்டும், மருத்துவமனையில் சொல்லும் நேரம் வரை கர்ப்பிணிகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும்.

அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றியிருந்தால், அந்தக் கையில் இறுக்கமான வளையல் வேண்டாம். கண்ணாடி வளையல் உடைந்து கீறினால் அந்தக் கையில் தொற்றும் வீக்கமும் வர வாய்ப்பு உண்டு. ஆகவே உங்களுக்குப் போடும் வளையலை மறு கையில் போட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு வளையல் இடுவதற்கு இரு கைகளுமே உதவும். தலைக்கு மென்மையான பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டாலே போதும். சவுரி விருப்பமானால் வைக்கலாம். மல்லிகை மணம் இப்போது குமட்டினால், மணமே இல்லாத கனகாம்பரத்தைத் துணியின் ஓரத்தில் ஊசியால் குத்திக்கொள்ளலாம். கலந்த சாதங்களைச் சுடச்சுட முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நறுக்கி வெகுநேரமான பழங்களைத் தவிர்த்துவிடுங்கள். இருமலும் காய்ச்சலும் உள்ளவர்கள் அருகில் வர வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். எந்த நாளானாலும் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. காலைக் காபி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. இப்போது ஒரு வாய் குடித்ததும் “துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கிறது” என்று வைத்துவிடுகிறார். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.
– வாசகி, சேலம்

பதில்: சில கீமோ மருந்துகள் நாக்கின் சுவை உணர்வைக் குலைத்துவிடும். சிகிச்சை முடிந்த சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலானோருக்கு அது மீண்டுவிடுகிறது. அதுவரை அவருடைய காலைப் பொழுதைக் கைவிட்டுவிடாதீர்கள். அதே நாற்காலியில், அதே நேரத்தில், செய்தித்தாளுடன் அவர் உட்காரட்டும்; காபிக்குப் பதிலாக வெதுவெதுப்பான இஞ்சி கலந்த பாலோ, புளிக்காத மோரோ கொடுத்துப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வைத்துவிட்டுப் பீங்கான் கோப்பையையும் மரக்கரண்டியையும் பயன்படுத்தினால் உலோகச் சுவை சற்றுக் குறையும். வாயில் புண் இல்லாவிட்டால், சாப்பாட்டில் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் உதவும். தாளிக்கும் நெடி ஆகாதபோது, மசக்கைக்காரிக்குச் செய்வதைப் போல, சமையலை அவர் எழுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒன்றை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தைப் பலருக்குக் கொடுக்கிறோம். அதை ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டாலே விரல்கள் மரத்துக் கூசும், தொண்டை அடைப்பது போலிருக்கும். அவருக்கும் அதுவே என்றால் ஐஸ்கிரீமும் ஃபிரிட்ஜ் தண்ணீரும் அந்த நாட்களில் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காபியை இரண்டு வாய் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். அவருடைய நாக்கே பதில் சொல்லும். யாரோ சொன்னார்கள் என்று மூலிகைக் கஷாயம் எதையும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. சென்னையில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ‘கரண்ட்’ (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்துக்கொள்கிறார். தன் உடம்பில் கதிர் தங்கியிருக்கும் என்று பேரக்குழந்தைகளைப் பார்க்கவே மறுக்கிறார்.
– வாசகர், விருத்தாசலம்

பதில்: வெளியிலுள்ள கருவியிலிருந்து பாயும் கதிர், கருவி நின்ற கணமே நின்றுவிடுகிறது, உடலில் எதுவும் தங்குவதில்லை. அவர் பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள்தாம் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பல தாத்தாக்கள் வீணாகத் தனித்திருப்பதைக் காண்கிறேன், மனம் வலிக்கிறது.

பொதுவாகச் சனி, ஞாயிறு கதிர்வீச்சு இருக்காது. மருத்துவர் அனுமதித்தால் வெள்ளி மாலை ஊருக்கு அழைத்து வந்துவிடுங்கள். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். சென்னையில் இருக்கும் நாட்களில், வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரையில் சற்று நடக்கட்டும். அளவான நடை அசதியைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட விஷயம். கதிர் பட்ட கழுத்தில் மட்டும் வெயில் படக் கூடாது. சிகிச்சையின்போது தலை அசையாமலிருக்க முகத்தை மூடும் வலைக்கவசம் அவரை அச்சுறுத்தினால், சிகிச்சை அறையில் அவருக்குப் பிடித்த பாட்டைப் போட முடியுமா என்று தொழில்நுட்பப் பணியாளரைக் கேளுங்கள். பல இடங்களில் மனமுவந்து போடுவார்கள்.

கேள்வி: கீமோ நடக்கும்போது மாடித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பார்த்துக்கொள்ளலாம். மண்ணிலும் மட்கிய உரத்திலும் பூஞ்சை வித்துகள் இருப்பதால், தொட்டி மாற்றுவது, உரம் கிளறுவது போன்ற வேலைகளைச் சிகிச்சை முடியும்வரை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். தண்ணீர் ஊற்றுவதும் பூப்பறிப்பதும் உங்கள் பங்கு. கையுறை அணிந்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ரோஜாச் செடியை மட்டும் கத்தரிக்க வேண்டாம். முள் குத்திய சிறு காயத்தில்கூட அணுக்கள் குறைந்த வாரத்தில் தொற்று வரலாம்.