ரத்தக் கறைக்கு ஏன் காகித உறை? தடய அறிவியல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டிவி தொடர்களில் தரையில் எதையோ தெளிக்கிறார்கள், நீலமாக ஒளிர்கிறது. அடுத்த காட்சியிலேயே கம்ப்யூட்டர் திரையில் குற்றவாளியின் பெயரும் போட்டோவும் வந்துவிடுகின்றன. நிஜத்தில் இப்படி நடக்குமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: தெளிப்பது லுமினால். ஒளிர்வது உண்மைதான், ஆனால் நன்றாக இருட்டாக இருந்தால்தான் தெரியும், அதுவும் அரை நிமிடம் நின்றாலே பெரிது. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு அந்த வினையைத் தூண்டுகிறது. தரை துடைக்க ஊற்றிய ப்ளீச்சும், செம்பு உலோகமும்கூட அதையே செய்யும். எனவே ஒளிர்ந்த இடமெல்லாம் ரத்தம் என்று எந்த நிபுணரும் எழுதித் தர மாட்டார்.

அடுத்தது பினாப்தலீன் சோதனை. கறையை வடிதாளில் ஒற்றி, ஒரு சொட்டு ஆல்கஹால், ஒரு சொட்டு பினாப்தலீன் கரைசல், கடைசியாக ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட வேண்டும். சில விநாடிகளில் இளஞ்சிவப்பு வந்தால் ‘ரத்தமாக இருக்கலாம்’. பெராக்சைடு விடும் முன்பே நிறம் வந்தால் வேறு ஏதோ ரசாயனம் கலந்திருக்கிறது. நேரம் கழித்து மெல்ல வந்தால் அது காற்று பட்டு வந்த நிறம், கணக்கில் சேராது. இதற்குப் பிறகுதான் மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்ற சோதனை.

டி.என்.ஏ.வுக்குக் கறை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நானோகிராம், அதாவது சுமார் 160 செல்களில் இருக்கும் அளவு, தாராளமாகப் போதும். பிரித்தெடுப்பது, அளவு பார்ப்பது, பி.சி.ஆர். கருவியில் 30 சுற்று அளவுக்குப் பெருக்குவது, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க நுண்குழாயில் ஓட்டுவது என்று எல்லாம் தடையில்லாமல் போனாலும் ஓரிரு நாள் ஆகும். அது வேலைக்கு மட்டும் ஆகும் நேரம். வரிசையில் உங்களுக்கு முன்னால் இருக்கும் வழக்குகள் தனி.

முடிவில் வருவது பெயரோ போட்டோவோ அல்ல, எண்கள் போட்ட ஒரு வரைபடம். ஒப்பிட இன்னொரு வரைபடம் வேண்டும். இந்தியாவில் குற்றவாளிகளின் டி.என்.ஏ. தகவல் வங்கிக்கு வழிசெய்ய வந்த 2019-ஆம் ஆண்டு மசோதா 2023-ல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆகவே சந்தேக நபரை முதலில் போலீஸ்தான் கண்டுபிடித்து, அவருடைய ரத்த மாதிரியைக் கொண்டுவர வேண்டும். டிவியில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

கேள்வி: ஆய்வகத்தில் ‘கண்டறிய முடியவில்லை’ என்று அறிக்கை வந்தால் அது ஆய்வகத்தின் குறைதானே? – வாசகர், விருதுநகர்

பதில்: பல நேரங்களில் சாட்சியப் பொருள் ஆய்வகத்துக்கு வருமுன்பே கெட்டிருக்கும். தொடரில் கதாநாயகன் ரத்தம் தோய்ந்த சட்டையைப் பளபளக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஜிப்பை இழுக்கிறானே, அங்கேயே வழக்கு பாதி போயிற்று. ஈரம் வெளியேறாமல் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே நடக்கும். துணியை நிழலில் காயவைத்து, கறையோடு கறை ஒட்டாமல் மடிப்புக்கு நடுவே தாள் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் சீல் வைக்க வேண்டும். வெயிலில் காயவைக்கவும் கூடாது, புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வை உடைத்துவிடும்.

ரத்த மாதிரி எடுக்கும் சோதனைக் குழாயின் மூடி நிறமும் முக்கியம். டி.என்.ஏ.வுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த ஊதா மூடி. இன்னொரு உறைவு தடுப்பானான ஹெப்பாரின் சேர்த்த பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் பி.சி.ஆர். வினை தடைபடும். குடிபோதை வழக்கு என்றால் சோடியம் ஃப்ளோரைடு உள்ள சாம்பல் மூடி. அது இல்லாவிட்டால் குழாயிலேயே நுண்ணுயிர்கள் சர்க்கரையை ஆல்கஹாலாக்கி, குடிக்காதவரையும் குடித்தவராக்கிவிடலாம். ஊசி குத்துமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைப்பதும் இதே காரணத்தால் தவறு.

விஷச் சாவு சந்தேகம் என்றால் இரைப்பை, அதிலிருந்த உணவு, சிறுகுடலில் சுமார் 30 செ.மீ., கல்லீரலில் சுமார் 500 கிராம், இரு சிறுநீரகங்களிலும் பாதி ஆகியவற்றைச் செறிந்த உப்புக் கரைசலில் வைப்பது வழக்கம். ஜாடியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. உறுப்பு அழுகும்போது வாயு கிளம்பி மூடி தெறிக்கும். ஃபார்மலினில் போட்டால் திசு இறுகி, விஷத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாகிவிடும். பலரும் மறப்பது ஒன்று உண்டு: அதே உப்புக் கரைசலில் கொஞ்சம் தனிப் புட்டியில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ‘விஷம் உப்பிலேயே இருந்ததோ?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நியாயமான கேள்விதான். சென்னையில் 1849-லேயே இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. நம் ஊருக்கு இது புது விஷயம் இல்லை.

கேள்வி: உடலைத் தொட்டுப் பார்த்தே ‘இரவு பத்தேகாலுக்கு இறந்திருக்கிறார்’ என்கிறார்களே? – வாசகர், வேலூர்

பதில்: வேலூரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். உயிர் போனபின் உடல் சூடு சுற்றுப்புற வெப்பத்தை நோக்கி இறங்கும் வேகத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு. மே மாதத்தில் அறையே 36 டிகிரி இருந்தால் 37 டிகிரி உடல் எங்கே இறங்கும்? தெர்மாமீட்டர் அங்கே பயன்படாது. தசை விறைப்பும் வெயில் காலத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். அடிவயிற்றின் வலப்புறம் பச்சை நிறம் தட்டுவதற்குக் கோடையில் 12 முதல் 18 மணி நேரம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ‘இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்’ என்று மருத்துவர் எழுதுவார். கடைசியாக செல்போனில் பேசிய நேரம் அதைவிடத் துல்லியமாக இருக்கும்.

கேள்வி: விரல் ரேகை பொய் சொல்லாது என்பது சரியா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரேகை பொய் சொல்லாது, பார்ப்பவர் தவறலாம். கம்ப்யூட்டர் தருவது ஒத்துப்போகக்கூடிய ரேகைகளின் பட்டியல் மட்டுமே, முடிவு சொல்வது மனிதர். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், பையில் கிடைத்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது. ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று கண்டறிந்த பிறகே எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. இன்னொன்று, ரேகை எப்போது பதிந்தது என்று நம்பகமாகச் சொல்ல வழியில்லை.

கேள்வி: உண்மை கண்டறியும் ஊசி? – வாசகர், சேலம்

பதில்: சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதித்துச் சொன்ன பேச்சும் அப்படியே சாட்சியம் ஆகாது.

கேள்வி: எங்கள் கடை சிசிடிவியில் திருடனின் முகம் மங்கலாக இருக்கிறது. பெரிதாக்கித் தெளிவாக்க முடியுமா? – வாசகர், ஈரோடு

பதில்: பதிவில் அந்த முகம் பத்துப் புள்ளி அகலத்தில் இருந்தால், பெரிதாக்கினால் பத்துப் பெரிய கட்டங்கள்தான் கிடைக்கும். இருட்டைக் குறைக்கலாம், அசைவால் வந்த மங்கலை ஓரளவு சரிசெய்யலாம், பதிவாகாததை வரவழைக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் தெளிவாக்கிக் கொண்டுபோகாதீர்கள். அது வரைந்து தரும் முகம் வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கும்.

கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டி பல கடைகளில் 15 முதல் 30 நாளில் பழையதன் மேல் எழுதிவிடும், அதனால் உடனே போலீஸில் சொல்லுங்கள். டி.வி.ஆர். கடிகாரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒன்றாகப் போட்டோ எடுத்து வையுங்கள். சில நிமிட வித்தியாசம் இருப்பது சகஜம், அதைத் திருத்திவிட வேண்டாம். திரையை செல்போனில் படம்பிடித்த வீடியோவை மட்டும் நம்பாமல், மூலப் பதிவையே நகலெடுக்க விடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) வேண்டும். கருவி உங்கள் பொறுப்பில் இருப்பதால், அந்தச் சான்றிதழின் ஒரு பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டியிருக்கும்.